தன்னலமின்மை என்னும் சொல்

(டெலானிபூரில் கற்போர் முன் ஆற்றிய உரை)



இன்று ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். அந்தச் சொல் 'தன்னலமின்மை'. கொஞ்சம் நீளமான சொல்தான். பயப்பட வேண்டாம். நீளமான கரும்பை நாம் அப்படியே கடிப்பதில்லை. கணுக் கணுவாக வெட்டித்தான் தின்கிறோம். நீளமான சொல்லையும் அப்படியே வெட்டிப் பார்க்கலாம்.

சொல்லைப் பிரிப்போம்

தன். நலம். இன்மை. இதில் மூன்று துண்டுகள் இருக்கின்றன.

'தன்' நமக்குத் தெரியும். தன் வீடு, தன் பிள்ளை, தன் கை என்று சொல்கிறோம்.

'நலம்' என்பதையும் நாம் எல்லோரும் எழுதியிருக்கிறோம். ஊருக்குக் கடிதம் எழுதப் பழகியபோது முதல் வரியாக என்ன எழுதினோம்? 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதினோம். இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம், அங்கே நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்கிறோம். அந்த நலம்தான் இது. உடம்பு நன்றாக இருப்பது, வயிறு நிறைவது, மனம் அமைதியாக இருப்பது எல்லாம் நலம்தான்.

மூன்றாவது துண்டு 'இன்மை'. இல்லாமல் இருப்பது இன்மை. வேலை இல்லாவிட்டால் வேலையின்மை. தூக்கம் வராவிட்டால் தூக்கமின்மை. இன்னொரு சொல்லையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். சுவரிலும் துணிப் பதாகையிலும் எழுதியிருந்தார்கள். 'எழுத்தறிவின்மை'! அதை ஒழிக்கத்தான் நாம் மாலை நேரத்தில் கூடி உட்கார்ந்தோம். பாருங்கள், அங்கே 'இன்மை' நமக்கு எதிரியாக வந்தது. இங்கே அதே 'இன்மை' நல்ல குணமாக வருகிறது. எது இல்லை என்பதைப் பொறுத்துத்தான் இன்மை நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும்.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். தன் என்பதோடு நலம் சேரும்போது 'ந' மறைந்து 'ன' வருகிறது. அதனால் 'தன்னலம்' என்று எழுத வேண்டும். 'தன்நலம்' என்று எழுதினால் பொருள் புரியும். ஆனால் அச்சில் அப்படி இருக்காது.

இனி, தன்னலம் என்றால் என்ன? தன்னுடைய நலம். அது கெட்டதா? காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்குகிறோம். மழை வந்தால் குடை பிடிக்கிறோம். பிழைப்புக்காகக் கடல் தாண்டி இந்தத் தீவுக்கு வந்தவர்கள் நம் பெரியவர்கள். அவர்களும் தங்கள் நலத்தைத் தேடித்தான் கப்பல் ஏறினார்கள். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் 'தன்னலக்காரன்' என்று ஒருவரைச் சொன்னால் அது திட்டு ஆகிவிடுகிறது. ஏன்? தன் நலத்தை மட்டும் பார்ப்பவன் என்ற பொருள் அதில் வந்துவிடுகிறது. இந்த 'மட்டும்' சொல்லில் எழுதப்படவில்லை. நம் வழக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

பேச்சில் 'தன்னலம்' என்று சொல்பவர் குறைவு. 'சுயநலம்' என்றுதான் சொல்கிறோம். சுயம் வடசொல், நலம் தமிழ்ச்சொல். இரண்டும் சேர்ந்து ஒரு கலப்புச் சொல். நம் தெருவில் தமிழர், வங்காளிகள், தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சிக்காரர்கள் எல்லோரும் கலந்து வாழ்வது போலத்தான். கடைத்தெருவில் இந்தியில் 'நிஸ்வார்த்' என்று கேட்டிருப்பீர்கள். 'ஸ்வார்த்' என்றால் தன் காரியம். 'நிஸ்' என்றால் இல்லாமல். தன் காரியம் பாராமல் செய்வது என்று பொருள். அண்டை வீட்டு வங்காளி அம்மாவிடமும் தெலுங்கு அண்ணனிடமும் கேட்டுப் பாருங்கள். ஏறக்குறைய இதே சொல்லைத்தான் சொல்வார்கள்.

ஆங்கிலத்தில் 'செல்ஃப்லெஸ்' என்பார்கள். அந்தச் சொல்லைப் பிரித்தால் 'தான் இல்லாத' என்று வருகிறது. தமிழ்ச் சொல் அப்படிச் சொல்லவில்லை. 'தான்' இருக்கலாம். தன் நலத்தையே பிடித்துக்கொண்டு நிற்கும் குணம்தான் இல்லை. இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

குழாயடியில்

கோடைக்காலம் வந்தால் நம் ஊரில் என்ன பேச்சு? தண்ணீர்ப் பேச்சுதான். தனிக்காரி அணையில் நீர் இறங்கிவிடும். குழாயில் தினமும் தண்ணீர் வராது. வரும் நாளில் தெருவே விழித்துக்கொள்ளும். குடம், வாளி, டிரம் எல்லாம் வெளியே வரும்.

அந்த நேரத்தில் ஒருவர் தன் டிரம் நிறைந்த பிறகும் குழாயை விடமாட்டார். இன்னொருவர் தன் பங்கைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிவிடுவார். அவர் மேல் தப்பில்லை. மூன்றாவது ஒருவர் இருப்பார். "பக்கத்து வீட்டு அக்கா டூட்டிக்குப் போயிருக்கு. வர்றதுக்குள்ள தண்ணி நின்னுடும். ரெண்டு குடம் பிடிச்சு வச்சுடறேன்" என்பார்.

அவரிடம் போய், "ஐயா, உங்கள் தன்னலமின்மையைப் பாராட்டுகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார். இந்தச் சொல்லை நாம் வீட்டில் பேசுவதில்லை. "எதையும் எதிர்பார்க்காமச் செய்வாரு", "தனக்குன்னு ஒண்ணும் வச்சுக்க மாட்டாங்க", "பாவம், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும்" என்றுதான் சொல்வோம். இவை எல்லாம் அந்த நீளமான சொல்லின் வீட்டுப் பெயர்கள். 'தன்னலமற்ற' என்ற சொல் மேடைக்கும் சுவரொட்டிக்கும் போய்விட்டது. 'தன்னலமற்ற தலைவரே வருக' என்று பெரிய எழுத்தில் எழுதுகிறார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் இப்போது நாம். அந்தத் தலைவர் தன்னலமற்றவர்தானா என்று கேட்கும் உரிமையும் படிப்போடு சேர்ந்து வந்ததுதான்.

சிறைக்குள் ஒரு விளக்கு

இந்தச் சொல்லுக்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டாம். நம் ஊரிலேயே செல்லுலார் சிறை இருக்கிறது. 1906இல் கட்டி முடித்தார்கள். ஏழு கிளைகளாகக் கட்டினார்கள். இன்று மூன்று கிளைகளே நிற்கின்றன. மற்றவை போன இடத்தில் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை இருக்கிறது. நாம் சீட்டு வாங்கிக்கொண்டு காத்திருக்கும் அதே பெரிய ஆஸ்பத்திரிதான்.

1933ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் தேதி அந்தச் சிறையில் அரசியல் கைதிகள் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். வெள்ளைக்காரனை எதிர்த்ததற்காகச் சிறைக்கு வந்தவர்கள் அவர்கள். அவர்கள் கேட்டது என்ன? தின்னக்கூடிய உணவு வேண்டும். இரவில் அறைக்குள் விளக்கு வேண்டும். படிக்கப் புத்தகமும் பத்திரிகையும் வேண்டும்.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். புத்தகம் படிக்க ஒரு விளக்கு வேண்டும் என்று கேட்டுப் பட்டினி கிடந்தார்கள். இரவில் விளக்கடியில் எழுத்துக் கூட்டிப் படித்த நமக்கு அந்த விளக்கின் அருமை தெரியும்.

சிறை அதிகாரிகள் இறங்கி வரவில்லை. கைதிகளைப் பலர் சேர்ந்து அழுத்திப் பிடித்து, மூக்கு வழியாகக் குழாயைச் செருகிப் பாலை ஊற்றினார்கள். பால் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போனால் உயிர் போய்விடும். அப்படித்தான் மகாவீர் சிங் மே 17ஆம் தேதி இறந்தார். அவர் பகத் சிங்கோடு லாகூர் வழக்கில் தண்டனை பெற்றவர். அதே மாதத்திலேயே மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா என்ற இரண்டு வங்காளிகளும் இறந்தார்கள். மூன்று பேர் செத்த பிறகும் மற்றவர்கள் உண்ணாவிரதத்தை விடவில்லை. 46 நாள் நடந்தது. கடைசியில் அரசு இறங்கி வந்தது. விளக்கு வந்தது. புத்தகம் வந்தது. அதன் பிறகு அந்தச் சிறைக்குள் கைதிகள் கூடிப் படிக்கவும் பாடம் நடத்தவும் செய்தார்கள்.

இங்கே உங்களில் யாராவது ஒரு கேள்வி கேட்கலாம். "அவர்கள் தங்களுக்காகத்தானே கேட்டார்கள்? தன் அறைக்கு விளக்கு, தன் தட்டுக்குச் சோறு. இது தன்னலம் இல்லையா?" நல்ல கேள்வி. ஆமாம், அதில் தங்கள் நலமும் இருந்தது. ஆனால் கேட்டது ஓர் அறைக்கு அல்ல, எல்லா அறைக்கும். 'எனக்கு மட்டும் கொடு, நான் சாப்பிட்டுவிடுகிறேன்' என்று ஒருவர் தனியாகப் பேசி முடித்திருக்கலாம். இறந்த மூவரும் அந்த வெளிச்சத்தில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. தன் நலமும் பிறர் நலமும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கும்போது, அந்தக் கயிற்றை அவர்கள் கடைசி வரை விடவில்லை.

சிறைக்கு எதிரே உள்ள பூங்காவில் இந்த மூவருக்கும் சிலை இருக்கிறது. இறந்த வேறு சில கைதிகளுக்கும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போகும்போது அவர்கள் யார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

மருத்துவர் திவான் சிங்

இந்த ஊருக்கு 1927இல் ஒரு மருத்துவர் மாற்றலாகி வந்தார். பெயர் திவான் சிங். பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியர். சிறு வயதில் தாய் தந்தையை இழந்தவர். பஞ்சாபி மொழியில் கவிதை எழுதுபவர். ஆங்கில அரசின் சம்பளம் வாங்கிக்கொண்டே, அந்த அரசை எதிர்த்துப் பேசிச் சிக்கலில் மாட்டியவர். இங்கே வந்த பிறகு குருத்வாரா கட்ட முன்னின்றார். 'காலேபாணி' என்று நம் தீவின் பழைய பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.

1942 மார்ச் 23ஆம் தேதி ஜப்பான் படை இந்தத் தீவில் இறங்கியது. அந்தக் காலத்தைப் பற்றி இங்குள்ள பழைய குடும்பங்களில் இன்றும் பேசுவார்கள். சாப்பாட்டுக்குப் பஞ்சம். வேவு பார்த்தாய் என்று சொல்லிப் பிடித்துக்கொண்டு போவார்கள். பிடித்தவரை அடித்தே ஒப்புக்கொள்ள வைப்பார்கள்.

திவான் சிங் இந்திய சுதந்திர லீகின் உள்ளூர்த் தலைவராக இருந்தார். ஜப்பானியருக்கும் ஊர் மக்களுக்கும் நடுவில் நிற்க வேண்டிய இடம் அது. அந்த இடத்தில் இருப்பவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தால் போதும். அரிசி கிடைக்கும், உயிரும் மிஞ்சும். அவர் அப்படி இருக்கவில்லை. பிடித்துக்கொண்டு போனவர்களுக்காக அதிகாரிகளிடம் போய் வாதாடினார். படைவீரர்களுக்காகக் கொரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட பெண்களை வைக்க குருத்வாராவைக் கேட்டார்கள். அது வழிபடும் இடம், தரமாட்டேன் என்று மறுத்தார்.

1943 அக்டோபரில் அவரைப் பிடித்துச் செல்லுலார் சிறையில் போட்டார்கள். வேவு பார்த்ததாகக் குற்றம் சாட்டினார்கள். ஒப்புக்கொள்ளச் சொல்லி 82 நாள் வதைத்தார்கள். அந்தச் சமயத்தில்தான், டிசம்பர் கடைசியில், நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்த ஊருக்கு வந்தார். 30ஆம் தேதி கொடி ஏற்றினார். லீகின் தலைவர் அப்போது சிறைக்குள் குற்றுயிராகக் கிடந்தார். இருவரும் சந்திக்கவில்லை. 1944 ஜனவரி 14ஆம் தேதி திவான் சிங் இறந்தார். அது பொங்கல் சமயம். அவர் இறந்து இரண்டு வாரம் கழித்து, ஜனவரி 30இல், ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேரை ஜப்பானியர் சுட்டுக் கொன்றார்கள். இன்று அங்கே நினைவிடம் இருக்கிறது.

இவர் கதையில் எனக்குப் படுவது ஒன்றுதான். அவர் சாகவேண்டும் என்று நினைத்து எதையும் செய்யவில்லை. மருத்துவர் வேலையைச் செய்தார். கேட்க வேண்டியதைக் கேட்டார். மறுக்க வேண்டியதை மறுத்தார். ஒவ்வொரு முறையும் பேசாமல் இருக்க வழி இருந்தது. பேசாமல் இருப்பதில் லாபமும் இருந்தது.

சம்பளம் வாங்கினால்?

சிலர் சொல்வார்கள், காசு வாங்கினால் அது தொண்டு ஆகாது என்று. நான் அப்படி நினைக்கவில்லை. சாந்தி தெரசா லக்ரா என்ற செவிலியரைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். நம் தீவைச் சேர்ந்தவர். லிட்டில் அந்தமானில் டுகோங் கிரீக் என்ற இடத்தில் ஓங்கே மக்களுக்கு மருத்துவம் பார்க்க அரசு அவரை அனுப்பியது. ஓங்கே மக்கள் மொத்தமே நூற்றைச் சுற்றித்தான். 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி வந்தது. குடியிருப்பு அழிந்தது. ஓங்கே மக்கள் மேட்டுக் காட்டுக்கு ஓடித் தப்பினார்கள். செவிலியரும் அவர்களோடு காட்டில் கூடாரத்தில் தங்கி வைத்தியம் பார்த்தார். 2011இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அவர் அரசுச் செவிலியர். சம்பளம் உண்டு. அந்தச் சம்பளம் ஊசி போடுவதற்கும் மருந்து கொடுப்பதற்கும். கடல் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போன பிறகு, 'எனக்கு மாற்றல் கொடுங்கள்' என்று கேட்டிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? அந்த இடத்தில்தான் சம்பளம் முடிந்து தன்னலமின்மை தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் ஸ்ரீவைகுண்டத்தில் பாலம் கல்யாணசுந்தரம் என்ற கல்லூரி நூலகர் தன் சம்பளத்தை ஏழைகளுக்கே கொடுத்துவிட்டு, தன் செலவுக்கு வேறு சிறு வேலை பார்த்தார். 2023இல் அவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. எல்லோராலும் அப்படிச் செய்ய முடியாது. குடும்பம் இருப்பவர் செய்யவும் கூடாது என்பேன்.

கடைசிச் சோறு

இப்போது நான் பிறகு சொல்கிறேன் என்று சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இந்தச் சொல்லையே எடுத்தேன்.

வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு கடைசியில் சாப்பிடுவது யார்? சட்டியில் மீன் துண்டு தீர்ந்து குழம்பு மட்டும் மிஞ்சும்போது அதைத் தட்டில் ஊற்றிக்கொள்வது யார்? அம்மா. அல்லது மருமகள். "அம்மா தன்னலம் இல்லாதவள், தெய்வம்" என்று பேசுகிறோம். தெய்வத்துக்கு ஒரு மீன் துண்டு எடுத்து வைக்க நமக்குத் தோன்றுவதில்லை.

2019 முதல் 2021 வரை அரசு ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு என்று அதற்குப் பெயர். இந்தியாவில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது என்று அது சொல்கிறது. இரத்தசோகைக்குக் காரணம் பல உண்டு. மாதவிலக்கு, பிள்ளைப்பேறு, குடற்புழு எல்லாம் உண்டு. கீரையும் மீனும் முட்டையும் வயிற்றுக்குப் போதாததும் ஒரு காரணம். கடைசிச் சோறு சாப்பிடுபவருக்கு அவை எங்கிருந்து கிடைக்கும்?

ஒரு பெண் தானாக மனம் விரும்பி விட்டுக்கொடுத்தால் அது வேறு. 'விட்டுக்கொடுப்பதுதான் உனக்கு அழகு' என்று சிறு வயதிலிருந்து சொல்லிச் சொல்லி, விட்டுக்கொடுக்காவிட்டால் 'சுயநலக்காரி' என்று திட்டி வாங்குவது வேறு. இரண்டாவதற்குத் தன்னலமின்மை என்று பெயர் வைக்கக் கூடாது. அங்கே தன்னலம் இருக்கிறது. கேட்பவரிடம் இருக்கிறது.

வெளியிலும் இது நடக்கிறது. அங்கன்வாடி அக்காமார்களை எடுத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். எடை போடுகிறார்கள். சத்துணவு கொடுக்கிறார்கள். பதிவேடு எழுதுகிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, 'மதிப்பூதியம்'. தொண்டு செய்கிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு தொகை என்று அதற்குப் பொருள். மேடையில் 'தன்னலமற்ற சேவை' என்று சால்வை போடுகிறார்கள். கூலியைக் கூட்டிக் கேட்டால் முகம் மாறுகிறது. சால்வை மலிவு என்பதால்தான் அதைப் போடுகிறார்களோ என்று சில நேரம் எனக்குத் தோன்றும்.

ஆகவே இந்தச் சொல்லை எங்காவது கேட்டால் உடனே தலையாட்ட வேண்டாம். யார் சொல்கிறார், யாரைச் சொல்கிறார், விட்டுக்கொடுத்ததால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். திவான் சிங்கைப் பார்த்து யாரும் 'நீ விட்டுக்கொடு' என்று சொல்லவில்லை. அவரே முடிவு செய்தார். அந்தச் செவிலியரும் அப்படித்தான். உண்ணாவிரதம் இருந்த கைதிகளும் அப்படித்தான். 'தான்' இருந்ததால்தான் அவர்களால் கொடுக்க முடிந்தது. 'தான்' என்பதையே அழித்துவிட்டால் கொடுப்பதற்கு ஆள் எங்கே?

எழுதிப் பார்ப்போம்

நோட்டை எடுங்கள். இந்தச் சொற்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். தன்னலம். தன்னலமின்மை. தன்னலமற்ற. பிறர்நலம். பொதுநலம். எல்லாவற்றிலும் 'நலம்' இருக்கிறதா என்று பார்த்து அதன் கீழே கோடு போடுங்கள்.

பிறகு உங்களுக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றி மூன்று வரி எழுதுங்கள். பெரிய ஆளாக இருக்க வேண்டாம். சுனாமி வந்தபோது உங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவராக இருக்கலாம். கப்பல் டிக்கெட் வரிசையில் தன் இடத்தை நோயாளிக்கு விட்டவராக இருக்கலாம். உங்களுக்கு முதல் எழுத்தைக் கையைப் பிடித்து எழுதச் சொல்லிக்கொடுத்த தங்கையாக இருக்கலாம். அவர் என்ன செய்தார் என்று மட்டும் எழுதுங்கள். 'தன்னலமற்ற' என்ற சொல்லைப் போடாமலே எழுதிப் பாருங்கள். படிப்பவருக்குப் புரிகிறதா என்று பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துக் கேளுங்கள்.

தேநீர் கொதித்துவிட்டது என்று நினைக்கிறேன், வாசனை வருகிறது. இன்றைக்குப் பெண்கள் முதலில் குடிக்கட்டும். டம்ளர்களை நாங்கள் ஆண்கள் கழுவி வைக்கிறோம்.